பெரிய கூண்டுக்கு ஒரு சட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் உடம்பில் சொல்லும்படி குறை ஒன்றுமில்லை, மனசைத்தான் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நன்றாயிருந்தால் எங்களுக்கு அது போதும். மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாரா? அம்மா நகரமன்றக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள், நான் கூண்டுக் கடையை அடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறேன். நான் அங்கே தலையைக் காட்டக் கூடாது என்று பேச்சு.

விஷயம் இதுதான். நாய்க்குட்டி விற்கிற கடை ஆள் ஒருவன் கதவு உடைந்த கூண்டைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தான், விலைபோகாமல் அதற்குள்ளேயே வளர்ந்துவிட்ட நாயையும் சேர்த்தே கொண்டுவந்தான். வெல்டிங் வைக்க நாயை இறக்கிவிட்டேன். நம் பட்டறைத் தளம் எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியும். அது அந்தக் கூண்டளவு இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது, ஒரு அடி வெளியே வைக்கவில்லை. பிஸ்கட் போட்டுப் பார்த்தேன், ம்ஹூம். இதை அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், மாட்டு டாக்டரம்மாவைச் சேர்த்துக்கொண்டு நகரமன்றச் சட்டத்தை மாற்றக் கேட்டு மனு எழுதி, தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிட்டாள். இப்போதுள்ள சட்டத்தில் போதுமான இடம் என்று ஒரு வரி இருக்கிறது, யாருக்குப் போதும் என்று இல்லை. விற்கிற பிராணி எழுந்து நின்று, திரும்பி, கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும், மீறினால் கடை உரிமம் ரத்து, இவர்கள் கேட்பது அவ்வளவுதான்.

போன கூட்டத்தில் காரியத்தைக் கெடுத்தவன் நான். வாயால் சொன்னால் யாருக்கு ஏறும், சரக்கைக் கண்ணில் காட்டுவோம் என்று புது அளவில் ஒரு கூண்டு செய்து மன்றத்து மேஜைமேல் வைத்தேன். பழக்கதோஷம், எது செய்தாலும் கடைசியில் கடைப்பெயர்த் தகட்டை அடித்துவிடுவோமே, அதையும் அடித்திருந்தேன், போன் நம்பரோடு. செல்லப்பிராணிக் கடைச் சங்கத் தலைவர் குனிந்து அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, அண்ணே, சட்டம் கேட்டு வந்தீங்களா, ஆர்டர் எடுக்க வந்தீங்களா என்றார். மன்றமே சிரித்தது, முடிவை ஒத்திவைத்துவிட்டார்கள். வீடு வந்ததும் அம்மா, புள்ள பொறந்தப்ப தகடு அடிக்காம விட்டீங்களே, அதுவே பெரிசு என்றாள். உன்னைத்தான் சொல்கிறாள்.

உன்னிடம் என்ன மறைப்பு, ஊரெல்லாம் புதுக் கூண்டு வாங்கும் என்ற நினைப்பு எனக்கு இல்லாமல் இல்லை. நாயும் நிமிரட்டும், வியாபாரமும் நிமிரட்டும் என்றிருந்தேன். ஆனால் என்னால் சட்டமே கவிழ்ந்துவிட்டால்? யோசித்துப் பார்த்து அந்தத் தலைவரிடமே போனேன். அவர் மச்சினன் கேட் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். அளவும் அச்சும் நான் தருகிறேன், கூண்டு அவன் செய்யட்டும், இந்த ஊரில் நான் ஒன்றுகூட விற்க மாட்டேன், நீங்கள் எதிர்க்காமல் இருங்கள் என்றேன். என்னய்யா இதுல உள்குத்து என்று மேலும் கீழும் பார்த்தார். பிறகுதான் நான் கூட்டத்துக்கு வரக்கூடாது என்று நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை, பேரம் பேசி வாங்குறதெல்லாம் ஒரு இரக்கமா என்றாள். நாய்க்கு அது தெரியாதுடி என்றேன். ஆனாலும் அந்த ஆள் சொன்ன சொல்லில் நிற்பாரா என்று வரிக்கு ஒரு தரம் வாசலை எட்டிப் பார்க்கிறேன். எழுத்து கோணலாகப் போவது அதனால்தான்.

அம்மா வந்துவிட்டாள். நிறைவேறிவிட்டதாம்! உரிமம் ரத்து என்பதை அபராதம் என்று குறைத்துவிட்டார்கள், டாக்டரம்மா அதற்கு இப்போதே அடுத்த மனு என்கிறாராம். தலைவர் எழுந்து, இந்த அளவ நாங்க ரொம்ப நாளா யோசிச்சு வச்சிருந்தோம் என்றாராம், கைதட்டினார்களாம், அம்மாவும் தட்டினாளாம். நாளைக்குக் கடைத்தெருவில் யார் கேட்டாலும் நானும் ஆமாம், அவர் யோசனைதான் என்று சொல்ல வேண்டுமென்று தலைவர் அம்மாவிடம் சொல்லியனுப்பினாராம். சொல்லிவிடுவேன். சொல்லும்போது மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் நன்றாயிருங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. மாப்பிள்ளையின் நாற்காலியை மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா