மார்த்தா வீட்டுக்கு யார் தலைவர்

என் செல்ல வசந்தாக்கா,

மலரைப் பற்றித்தான் நீ முதலில் கேட்பாய் என்று தெரியும். உன் மகள் இங்கேதான் இருக்கிறாள், உன் வீட்டிலேயே. உன் வீட்டுக்காரர் அவளைத் திருப்பூருக்குக் கூட்டிப் போக வந்தார், அவள் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நம் கவுண்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் விஷயம் புரியும். கொஞ்சம் பொறு, பொறுமை எனக்குத்தான் கிடையாது, உனக்கு நிறைய உண்டு.

கவுண்டி வேலை முடிந்துவிட்டது அக்கா. கடைசி சி.டி.யும் போன வாரம் கூரியரில் சென்னைக்குப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த மாடி அறையில் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோமே, அது. ஒரே பக்கத்தை நீயும் டைப் செய்வாய், நானும் செய்வேன். ஒருத்தி செய்ததை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் சரி. போகாவிட்டால் மூன்றாவது ஆள் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கவுண்டி என்றால் என்னவென்று முதல் நாள் நான் கேட்டதற்கு, நம்மை வேலைக்கு வைத்த சார் "நம்ம ஜில்லா மாதிரிம்மா, கொஞ்சம் சின்னது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மீதியை நாமே கற்றுக்கொண்டோம். மேற்கே ஓர் ஆறு. நிலத்தை எல்லாம் சதுரம் சதுரமாக அளந்து பிரித்திருந்தார்கள். நடுவில் கோர்ட்டுக் கட்டடம், அதைச் சுற்றி ஊர், ஊரை ஒட்டி ரயில். பிறந்த இடம், அப்பா பிறந்த இடம், அம்மா பிறந்த இடம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அதைப் படித்தே அந்த ஊர்ச் சரித்திரத்தைப் பிடித்துவிட்டாய் நீ. தாத்தா ஜெர்மனி, மகன் ஒஹாயோ, பேரன் இந்தக் கவுண்டி.

தொழில் என்ற இடத்தில் களிமண் குழாய் ஃபேக்டரி என்று வரிசையாக வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? சார் இன்டர்நெட்டில் பார்த்துச் சொன்னார். அது ஒரு காலத்தில் சதுப்பு நிலமாம். களிமண் குழாயைச் சுட்டு பூமிக்கடியில் புதைத்து, தண்ணீரை வடித்த பிறகுதான் மக்காச்சோளம் விளைந்ததாம். "நம்மாளுங்கடி!" என்று கையைத் தட்டினாய். தெருவுக்கு நாலு சூளை இருக்கிற விருத்தாசலத்துக்காரிக்கு வேறெப்படி இருக்கும்? அதற்கும் முன்னால் அந்தச் சதுப்பில் இருந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்டாய். நாம் டைப் செய்த பக்கங்களில் அவர்கள் யாருமில்லை. சார் மறுபடி டீ குடிக்கப் போய்விட்டார்.

பிறகு மார்த்தா வந்தாள். குழாய் ஃபேக்டரி ஆட்களுக்குச் சோறு போட்டு, அறை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவள். முதல் வரியில் அவள் புருஷன் பெயர், அடுத்த வரியில் அவள், அதற்குக் கீழே மூன்று பிள்ளைகள். புருஷன் பெயர் மேல் குறுக்கே மங்கலாக ஒரு கோடு. நான் அது காகிதம் மடிந்த தடம் என்று அவனைக் குடும்பத் தலைவர் என்றும் அவளை மனைவி என்றும் டைப் செய்திருந்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கம்ப்யூட்டர் காட்டியபோதுதான் தெரிந்தது, நீ அவனை விட்டுவிட்டு அவளையே தலைவராகப் போட்டிருந்தாய். அடித்த பெயரை ஏற்றக் கூடாது என்பது விதி. ஆனால் அது அடித்ததுதானா?

"மடிப்புக்கா, பாத்தாலே தெரியுது" என்றேன்.

"மடிப்பு இல்லடி. எங்க வூட்டுக்குக் கணக்கெடுக்க வந்த டீச்சரு முதல்ல அவரு பேரைத்தான் எழுதுனாங்க. அவரு இங்க இல்லீங்க, வருஷக்கணக்கா இல்ல, நான்தான் வூட்டப் பாத்துக்கறேன்னு சொன்னேன். அப்புறம்தான் அடிச்சாங்க. அந்தக் கோடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அதற்கு நான் சொன்னது இன்னும் என் வாயில் கசக்கிறது. "உன் வூட்டுக் கதையக் கொண்டாந்து அந்தம்மா வூட்டுல ஏத்தாதக்கா" என்றேன். நீ அடுத்த பக்கத்தைத் திறந்தாய். மார்த்தா பக்கம் தீர்ப்புக்கென்று ஒதுங்கிவிட்டது. அந்த வாரமே உனக்குக் கண் மஞ்சளாயிற்று, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஒரு மாதம் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ நாள் இருந்தது. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்காரர் வந்தார். பதினோரு வருஷம் எட்டிப் பார்க்காத மனுஷன், வந்ததும் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "புள்ளைய அடுத்த ஞாயித்துக்கெழம திருப்பூருக்குக் கூட்டிக்கினு போறேன். படிச்சது போதும், பனியன் கம்பெனில சேத்து விடுறேன்" என்றார். உன் அண்ணன் தலையை ஆட்டினார். "தகப்பன் இருக்கறப்ப நாம யாரு பேசறதுக்கு?" என்றார். செராமிக் டிப்ளமாவில் மலருக்குக் கடைசி வருஷம். அவள் என்னைப் பார்த்தாள். நான், வாய்க்காரி என்று ஊரே சொல்லும் நான், பந்திக்கு இலை போடப் போய்விட்டேன். அவர் தகப்பன், உன்னோடு வேலை பார்த்த நான் யார் என்று எனக்கே தோன்றிவிட்டது அக்கா.

அந்த வாரம் நடுவில்தான், வேறு ஆள் இல்லாததால், சார் என்னையே மூன்றாவது ஆளாகப் போட்டார். ஒதுக்கி வைத்த பக்கங்களில் மார்த்தா வந்து நின்றாள். இந்தத் தடவை நிதானமாகப் பார்த்தேன். மடிப்பு என்றால் தாளின் ஓரம் வரைக்கும் போயிருக்க வேண்டும். இந்தக் கோடு அவன் பெயரில் தொடங்கி, அவனுடைய கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டது. படத்தைப் பெரிதாக்கினேன். மார்த்தா பெயருக்கு நேரே 'மனைவி' என்பதையும் அடித்து, மேலே பொடி எழுத்தில் 'தலைவர்' என்று எழுதியிருந்தது. நான் அழுக்கு என்று நினைத்தது அந்த எழுத்தைத்தான். கணக்கெடுத்தவர் அவள் வாசலில் நின்று எழுதியதை அவளே திருத்த வைத்திருக்கிறாள். நீ டைப் செய்ததையே ஏற்றினேன். ஏற்றிவிட்டு, சார் பார்க்கிறார் என்றும் பாராமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தபோது உன் வாசலில் நான் இருந்தேன். மலரின் பையை அவரே கட்ட ஆரம்பித்தார். "என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"என் பொண்ணு. இந்த வூட்டுக்குத் தலைவன் நான் இருக்கறேன்" என்றார்.

"எந்த வூட்டுக்குங்க? பதினோரு வருஷமா கரண்டு பில்லு கட்டுனது வசந்தாக்கா, கூரை மாத்துனது வசந்தாக்கா. கணக்கெடுக்க வந்த டீச்சரே உங்க பேரை எழுதிட்டு அடிச்சிருக்காங்க. அவ என்ன படிக்கறான்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. உன் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "இவ யாரு இதுல?" என்றார். அப்போது மலர் வந்து அவர் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"அவங்க என் சித்தி, அப்பா. எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. நீங்க எப்ப வந்தாலும் சோறு போடறேன். கூப்ட்டா மட்டும் வரமாட்டேன்."

மனுஷன் அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு ஜங்ஷனுக்கு நடந்தே போனார். வெட்கப்பட்டாரா, கோபப்பட்டாரா? எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கு நான் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னித்துவிடு அக்கா. நீ சொன்னதுதான் சரி, மார்த்தா வீட்டிலும் சரி, உன் வீட்டிலும் சரி. இனி மலரை அந்த வீட்டிலிருந்து யாரும் அசைக்க முடியாது, அதற்கு நான் ஆச்சு. படிப்போ, வேலையோ, கல்யாணமோ, அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் நடக்கும். எனக்குப் பிடிக்காததைச் சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வேன். தேவகிக்கு இதைவிடக் கஷ்டமான சத்தியம் இல்லை என்று உனக்குத் தெரியும். உனக்காகச் செய்கிறேன்.

உன் தங்கச்சி,
மலருக்குச் சித்தி,
தேவகி