நாற்பது மணி நேரம்

ஜூலை 7, திங்கள்

இதை யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். இந்த ஊர் ஸ்கூலில் யாருக்கும் படிக்க வராது என்றுதான் தமிழில் எழுதுகிறேன். பாத்ரூமில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவின் ஆபீஸில் வேலை குறைந்துவிட்டது. வெளிநாட்டு புராஜெக்ட் நின்றுபோனது. பதினான்கு வருடமாக சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிறவளை வேலை எதுவும் தராமல் பெஞ்சில் போட்டிருக்கிறார்கள். நாற்பது மணி நேரம் வீடியோ பாடம் பார்த்து, மாதக் கடைசியில் பரீட்சை எழுத வேண்டும். தேறாவிட்டால் ராஜினாமா.

"இந்த வயசுல டியூஷனா அம்புஜம்?" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்தவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். வீடியோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, பார்க்கிறீர்களா என்று கேட்கிறது. ஆமாம் என்று அமுக்கினால்தான் நேரம் ஏறும். நான் அமுக்கினேன். மூன்று மணி நேரம்.

ஜூலை 10, வியாழன்

"நான் இவ்ளோவா பாத்தேன்?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர் தப்பா கணக்கு போடுது. போடட்டும் விடு" என்றார் அப்பா.

இன்றும் நாலு மணி நேரம். ஹோம்வொர்க் செய்யவில்லை.

ஜூலை 13

வெள்ளியும் சனியும் விடிய விடிய அமுக்கினேன். அம்மா பார்த்ததோடு சேர்த்து நாற்பது ஆகிவிட்டது.

ஜூலை 14, திங்கள்

நான் என்ன செய்துவிட்டேன்.

முதலில் முடித்தவர்களுக்கு முதலில் பரீட்சையாம். இந்த வெள்ளிக்கிழமையே. மேனேஜர் ஹரிஷ்குமார் போனில், "சூப்பர் மேடம், டீம்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட்டு" என்றார். அம்மா தேங்க்ஸ் சொன்னாள். பிறகு கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

சொன்னால்? ஏமாற்று வேலை என்று உடனே அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஃபெயில். ரெண்டுலயும் அம்மா வேல போயிடும் — என்னாலதான்.

ஜூலை 15

அம்மா ஒரு பாடத்தில் புரோகிராம் எழுத வராமல் முழித்தாள். "அந்த வரிய பத்து தடவ ஓடச் சொல்லும்மா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சரியாக ஓடியது.

"உனக்கு எப்பிடிடீ தெரியும்?"

"ஸ்கூல்ல."

அம்மா என் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பையே பார்த்தாள்.

ஜூலை 16, புதன்

மாடிப்படியில் நின்று அம்மா மேனேஜரிடம் போனில் பேசியது ஜன்னல் வழியே கேட்டது. "வீடியோவ ஓட விட்டுட்டு நான்தான் சார் தூங்கிட்டேன். இல்ல சார், வேற யாரும் தொடல. நான்தான்."

சாயங்காலம் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாற்பது மணி நேரமும் அழித்து பூஜ்யமாக்கிவிட்டார்கள். பரீட்சை பழையபடி மாதக் கடைசியில். இன்னொரு தப்பு நடந்தால் வேலை இல்லை.

அப்பாவிடமும் தூங்கிவிட்டதாகவே சொன்னாள். எனக்குச் சோறு போடும்போது மட்டும், "ஒம்பதரைக்கு நீ படுத்துடணும்" என்றாள்.

இப்போது ஹாலில் வீடியோ ஓடுகிறது. ஒரே இடத்தை நிறுத்தி நிறுத்திப் போடுகிறாள். கூடவே அவள் முணுமுணுப்பதும் கேட்கிறது. பதினைந்து நாளில் முடியுமா? அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னைக் கேட்கவில்லை. அவ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும். இன்னிக்கே. எப்படி ஆரம்பிக்கிறது, அம்மா, நான்

பாத்ரூம் கதவைத் தட்டுகிறாள். "கிருத்தி, உள்ள என்னடீ