கயிறு என் அண்ணன் கையில் இல்லை

அனுப்புநர்:
சி. திரௌபதி,
க/பெ. காலஞ்சென்ற சின்னதம்பி,
மலையருவி ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நிலையம்,
பஸ் ஸ்டாண்டு பின்புறம், ஆலங்காயம்,
(சொந்த ஊர்: புளியங்கொல்லை, ஜவ்வாது மலை)
வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு சப்-கலெக்டர் அவர்கள்,
திருப்பத்தூர்.

பொருள்: என் கணவர் இறந்த விபத்து – விசாரணை அறிக்கையில் கயிறு பிடித்தவர் என்று என் அண்ணன் சடையன் பெயர் தவறாக எழுதப்பட்டது – அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது நான் கொடுக்கும் மூன்றாவது மனு. முதல் இரண்டையும் மனு எழுதிக் கொடுப்பவரிடம் சொல்லி எழுதினேன். நான் அண்ணனைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அவர் நஷ்டஈடு, கருணை, ஏழைக் கைம்பெண் என்று எழுதிக்கொண்டே போனார். பதிலும் அதற்கேற்ற மாதிரிதான் வந்தது. ஆகவே இந்த முறை நானே எழுதுகிறேன். மலைப் பள்ளி விடுதியில் தங்கி எட்டாவது வரை படித்தவள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

2. எங்கள் தொழில் ஜன்னல் துடைப்பது. அதற்கென்று ஒரு கம்பெனியா என்று தாங்களும் கேட்கலாம். ஆலங்காயத்தில் எல்லோரும் அப்படித்தான் கேட்டுச் சிரித்தார்கள். என் கணவர் மலையில் பாறைத்தேன் எடுத்தவர். புளி விற்க வாணியம்பாடி போன இடத்தில், ஒரு ஜவுளிக் கடைக்காரர் மேல்மாடிக் கண்ணாடிக்கு ஏணி எட்டாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். இவர் கயிற்றைக் கட்டி இறங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டு, இதெல்லாம் ஒரு உயரமா என்று வந்து சொன்னார். இதைத் தொழிலாகவே செய்யலாம் என்று சொன்னவள் நான். பலகை எழுதி மாட்டியது, கடை கடையாகப் போய்ப் பேசியது, பூந்திக்கொட்டை நுரை போட்டுப் பழைய செய்தித்தாளால் துடைத்தால் கண்ணாடியில் திட்டு நிற்காது என்று பார்த்துச் சொன்னது எல்லாம் நான்தான். சிரித்தவர்களே பிறகு பொங்கலுக்கு முன்னால் ஆள் அனுப்பினார்கள். கர்வமாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

3. இப்போது சொல்வதைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். எங்கள் மலையில் தேன் எடுக்கப் பாறையில் ஒருவர் இறங்கினால், அவர் மனைவியின் உடன்பிறந்தவர்தான் கயிற்றைப் பிடிப்பார். தன் கூடப் பிறந்த அண்ணன் தம்பியிடம் கூடக் கொடுப்பதில்லை. அவர்களுக்குள் நிலத் தகராறு இருக்கலாம், பழைய கோபம் இருக்கலாம். மச்சானுக்கு அப்படி இல்லை. கயிற்றை விட்டால் அறுவது தன் தங்கையின் தாலி. அதனால் அவர் கை தளராது. என் அண்ணன் சடையன் எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கணவருக்குக் கயிறு பிடித்தவர். பாறையிலும் அவர்தான், டவுன் கட்டடங்களிலும் அவர்தான். மொட்டை மாடியில் கட்டிய கப்பி வழியாகக் கயிறு கீழே வரும். அதை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மேலே பார்த்தபடி நிற்பார். பீடி பற்ற வைக்க மாட்டார், யாராவது கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். பார்க்கிறவர்களுக்குச் சும்மா நிற்கிற மாதிரிதான் தெரியும்.

4. அந்தத் தோற்றம்தான் வினையானது. சென்ற வருடம் ஆடி மாதம் திருப்பத்தூரில் புதிதாகக் கட்டிய மூன்று மாடி அரசுக் கட்டடத்தில் வேலை. மறுநாள் திறப்பு விழாவுக்கு மந்திரி வருவதாக இருந்தது. கட்டட மேற்பார்வையாளர் திரு. ஆதிநாராயணன் அவர்களுக்குப் பதற்றம். என் கணவர் மேலே தொங்கிக்கொண்டிருக்க, கீழே நின்ற அண்ணனைப் பார்த்து, "இன்னாய்யா, ஒருத்தன் வேலை செய்றான், ஒருத்தன் வேடிக்கை பாக்குறான்" என்று சத்தம் போட்டார். அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்துக் கீழ்த்தளக் கண்ணாடிகளைத் துடைக்க வேண்டும், கயிற்றைக் காவலாளி ராஜவேலு பிடித்துக்கொள்வார் என்று உத்தரவு போட்டார். அண்ணன் மாட்டேன் என்றார். வழக்கம் இன்னதென்று நானும் போய்ச் சொன்னேன். அப்படியானால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்கே போங்கள், இனி இந்த ஊரில் எந்தக் கட்டடத்திலும் உங்களுக்கு வேலை கிடையாது என்றார்.

மேலேயிருந்து என் கணவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "போ மச்சான். சீக்கிரம் முடிச்சிட்டு வூட்டுக்குப் போவலாம்" என்றார். அவர் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு இதுதான். அண்ணன் கயிற்றைக் காவலாளியின் இடுப்பில் தன் கையாலேயே சுற்றிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

5. சற்று நேரத்தில் வெளியே ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. ஹாரன் கேட்டால் கேட்டைத் திறப்பது ராஜவேலுவின் வேலை. அவர் கயிற்றைச் சைக்கிள் நிறுத்தும் கம்பியில் மாட்டிவிட்டு ஓடினார். முடிச்சு நிற்கவில்லை. நான் வாளியோடு அங்கேதான் நின்றிருந்தேன். கயிறு என்னைத் தாண்டி மேலே போவதைப் பார்த்தேன். எட்டிப் பிடித்தேன், கை தோல் உரிந்ததே தவிர நிற்கவில்லை. ராஜவேலுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்த வேலையை அவர் செய்தார். பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டால் யாரும் சொல்வதில்லை.

6. விசாரணையில் என் அண்ணனைக் கூப்பிட்டு, தவறு யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் மேற்பார்வையாளரையோ காவலாளியையோ காட்டியிருப்பார்கள். அண்ணனோ, "தப்பு என்னுதுதாங்க. யாரு சொன்னாலும் நான் அந்த எடத்த வுட்டுப் போயிருக்கக் கூடாது" என்றார். எங்கள் மலையில் மச்சானாகப் பிறந்தவர் அப்படித்தான் சொல்வார். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள். கயிற்றைப் பிடித்திருந்த சடையனின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம், அதை அவரே ஒப்புக்கொண்டார் என்று அறிக்கை முடிகிறது. நான் பார்த்ததைச் சொல்லப் போனேன். சம்சாரம் அழுதுகொண்டிருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று வெளியே உட்கார வைத்தார்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

7. அறிக்கையை எங்கள் ஊரில் எல்லோரையும் கூட்டி வைத்துப் படித்தார்கள். மலையில் எங்கள் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு உண்டு, ஆனால் சர்க்கார் முத்திரைக்கு அதைவிட மதிப்பு அதிகம். கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன்தான் எனக்குப் போர்த்த வேண்டும். மச்சானின் கயிற்றை விட்டவன் கையால் கோடி போடக் கூடாது என்று ஊரில் தடுத்துவிட்டார்கள். அண்ணன் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வேலிக்கு வெளியிலேயே பொழுது சாயும் வரை நின்றார். நான் கூப்பிட்டேன். வரவில்லை. அவர் மகள் செந்தாமரைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் நின்றுவிட்டது. என் கணவரை ஒரு நாளில் இழந்தேன் ஐயா. அண்ணனைத் தினம் தினம் இழந்துகொண்டிருக்கிறேன்.

8. தாங்கள் ஒன்றை மட்டும் யோசிக்க வேண்டும். பின்பக்கக் கீழ்த்தளக் கண்ணாடிகள் அன்று துடைக்கப்பட்டிருந்தன. அந்தப் பக்கத்து வாசல் வழியாகத்தான் மறுநாள் மந்திரி உள்ளே போனார். என் அண்ணன் முன்பக்கத்தில் கயிற்றைப் பிடித்திருந்தார் என்றால், பின்பக்கத்தில் துடைத்தது யார்? எங்கள் நிலையத்தில் வேறு ஆண் ஆள் கிடையாது. நான் முன்பக்கத்தில் நின்றிருந்தேன். இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

9. இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. ஹாரன் அடித்த ஜீப்பில் வந்த அதிகாரியே பிறகு விசாரணை அதிகாரியாக வந்தார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அவர் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, சத்தம் கேட்டு என் அண்ணன் பின்பக்கத்திலிருந்து ஓடி வந்தார். கையில் ஈரச் செய்தித்தாள் இருந்தது. அதிகாரி அதைக் கண்ணால் பார்த்தார். என் முதல் இரண்டு மனுக்களும் தக்க நடவடிக்கைக்காக அவருக்கே அனுப்பப்பட்டன. இதுவும் அங்கேதான் போகும் என்று ஆலங்காயத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

10. எனக்கு நஷ்டஈடு வேண்டாம். யாரையும் தண்டிக்க வேண்டாம். நிலையத்தின் பலகை இன்னும் தொங்குகிறது. எட்டுகிற ஜன்னல்களை நானே துடைத்துப் பிழைத்துக்கொள்கிறேன். விபத்து நேர்ந்தபோது கயிறு சடையன் கையில் இல்லை என்று ஒரே ஒரு வரி, முத்திரையோடு எழுதிக் கொடுக்க உத்தரவிடுங்கள். அதைப் புளியங்கொல்லைக்குக் கொண்டு போய், முன்பு படித்த அதே இடத்தில் நின்று நான் படிப்பேன். கோடிச் சேலை இன்னும் அண்ணன் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது. ஊர் ஒப்பினாலும் அவர் வேலியைத் தாண்டி வருவாரா என்று எனக்குத் தெரியாது. வரத் தடையில்லை என்றாவது ஆகட்டும்.

இந்த மனுவை அந்த அதிகாரிக்கு அனுப்பாமல் தாங்களே ஒரு முறை படித்துப் பார்க்கும்படி மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆலங்காயம்
நாள்: 12.9.1983

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சி. திரௌபதி

சாட்சி: இந்த மனுவை என் அண்ணன் சடையனுக்கு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முழுவதும் படித்துக் காட்டினேன். தவறு தன்னுடையதுதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவருக்கான இடத்தைக் கீழே காலியாக விட்டிருக்கிறேன்.