முடியும் சார்

மார்ச் 4
இன்றும் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம். இனி எடை தூக்கவே கூடாது என்கிறார் எலும்பு டாக்டர். எண்பது கிலோ கணவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு யார் தூக்குவது, டாக்டரா? முன்னாள் படைவீரர் நலத்துறையில் வீட்டு உதவியாளர் கேட்டு எழுதிப்போட்டு ஏழு மாதமாகிறது. நாளை மறுநாள் மருத்துவக் குழு முன்னால் வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாடா.

மார்ச் 6
என் வாயில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார் இவர்.

காலையிலேயே சவரம் செய்யச் சொன்னார், சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார். மாப்பிள்ளை மாதிரி கூட்டிப்போனேன். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ராணுவ டாக்டர். நிற்க முடியுமா என்று அவர் கேட்டதுதான் தாமதம், முதுகெலும்பில் குண்டுச் சிதறலை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் மேசையைப் பிடித்து எழுந்துவிட்டார்.

"முடியும் சார்."

குளிக்க? உடுக்க? எல்லாவற்றுக்கும் அதே பதில். திரும்பும்போது வண்டியிலேயே சிறுநீர் போய்விட்டது. துடைத்துக்கொண்டே ஏன் இப்படி என்று கேட்டேன்.

"மேலதிகாரி கேட்டா வேற என்னம்மா சொல்றது?"

ஏப்ரல் 19
கடிதம் வந்தது. தன் தேவைகளைத் தானே கவனித்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறாராம். நல்லா இருங்க சாமிகளா.

ஏப்ரல் 22
மேல்முறையீடு கொடுத்தேன். நலத்துறை எழுத்தர் குரலைத் தாழ்த்தி, "அடுத்த தடவ கொஞ்சம் பாவமா கூட்டிட்டு வாங்கம்மா" என்றார். பதினேழு வருஷம் படையில் இருந்த ஆளைப் பாவமாகக் கூட்டிப்போக வேண்டுமாம்.

ஜூன் 2
ஒன்பதாம் தேதி மறுபடி மருத்துவக் குழு. வீட்டில் ஒத்திகை. நான்தான் அதிகாரி. நிற்க முடியுமா? சுவரையே பார்க்கிறார். மறுபடி கேட்டேன். சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்கிறார். கத்திவிட்டேன் — என் முதுகு போச்சுங்க, உங்க மானத்த தினமும் தூக்கிச் சுமக்கிறது நான்தான் என்று. சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

ஜூன் 9
சவரம் இல்லை. கசங்கிய சட்டை. அதே தலைவர், அதே கேள்விகள்.

"முடியாது சார்."

ஒன்பது கேள்விக்கும் தலை நிமிராமல் சொன்னார்.

ஜூலை 15
அனுமதி கிடைத்தது.

ஆகஸ்ட் 3
உதவியாளர் நல்ல மனிதர். அலுங்காமல் தூக்குகிறார். என் முதுகும் தேறி வருகிறது. இன்று சட்டைப் பொத்தான்களைக்கூட உதவியாளர்தான் போட்டுவிட்டார். இவர் கைகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளுக்கு என்றைக்குமே ஒன்றும் ஆனதில்லை. தண்ணீர் டம்ளரை நீட்டி, பிடிங்க என்றேன்.

"முடியாது" என்றார்.

வாயில் ஊற்றினேன். குடித்தார்.