பாதி விலைக்கு ஒரு முழு விளையாட்டு

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்கு ஓய்வு கொடுத்து நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் படித்து முடிப்பதற்குள் அப்படி ஆகிவிடு. நீ செய்த கணினி விளையாட்டை இணையக் கடையில் போடுவதற்கு முன்னால் போனில் ஒரு கேள்வி கேட்டாய், "ஒரே உட்கார்வுல முடிஞ்சிடுற கேமுக்கு என்னப்பா விலை வைக்கலாம்?" என்று. வியாபாரம் எனக்கு என்னம்மா தெரியும் என்று நழுவிவிட்டேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். இப்போது போனில் சொன்னால் நீ "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் தாளில் எழுதி, உன் அண்ணியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் எரிச்சலான செய்தி. இங்கே எல்லோரும் வாங்கிவிட்டார்கள் என்று உனக்குப் பெருமையாகச் சொன்னேன் அல்லவா, ஒருவரும் வாங்கவில்லை. உன் அத்தை நாலைந்து நாளாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், "உன் பொண்ணு கேமை வாங்கி எவ்வளவு நாளாச்சு, வெறும் படம்தான் தெரியுது, அதுல இருக்கிற லிஃப்ட் நகரவே மாட்டேங்குது" என்று. அண்ணி வந்து பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க வாங்கவே இல்ல, பக்கத்துல இருக்கிற இதயப் படத்தை அமுக்கி வச்சிருக்கீங்க" என்றாள். "அமுக்கினேனே, செவப்பா ஆச்சே, அப்புறம் என்ன?" என்று அத்தை சண்டைக்கு வந்தாள். பிறகு எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவில் விசாரித்தால் அத்தனை பேரும் இதயத்தைத்தான் அமுக்கியிருக்கிறார்கள், அவர்கள் சொல்லி அவர்கள் பழைய மாணவர்களும். "வாங்கியாச்சு சார், வாழ்த்துகள்" என்று எனக்குச் செய்தி வேறு. கணக்கு வாத்தியார்கூட அப்படித்தான், பணம் போகவில்லையே என்று அவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? பிறகு பார்த்து வாங்குகிறேன் என்பதற்கான குறியாம் அந்த இதயம். நீ அங்கே உட்கார்ந்து, இதயம் குவிகிறது, ஒருவரும் வாங்கவில்லை, விலைதான் பயமுறுத்துகிறது என்று முடிவு கட்டி முதல் வாரத்திலேயே பாதியாக்கிவிட்டாய். உன்மேல் கோபப்படுவதா என்மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் முழங்கால் வலியோடு தெருமுனைவரை நடந்துவிட்டு வந்தேன்.

அப்புறம் அண்ணி கூட உட்கார்ந்து அத்தைக்கு நிஜமாகவே வாங்கிக் கொடுத்தாள். விலையைப் பார்த்து அத்தை சொன்னதைக் கேள், "பாதி விலைன்னா பாதி கதைதான் இருக்கும்போல." நீ தள்ளுபடி என்று போட்டாய், அவள் குறை என்று படித்தாள். ஆனால் விளையாட உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வீட்டைக் காலிசெய்து போகிற பெரியவரும் அதே வீட்டுக்குக் குடிவருகிற பெண்ணும் லிஃப்டில் மாட்டிக்கொள்வதும், எந்த ஜன்னல் இறுகும், எந்தக் குழாயை ஓங்கித் திருப்பக்கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே வருவதும், கதவு திறந்ததும் சாவியை அவள் கையில் வைப்பதும்தானே கதை. முடிந்ததும் அத்தை எழுந்து போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். சாப்பிடும்போது திடீரென்று, "அந்தாளு இனிமே எங்க போவாரு?" என்றாள். அடுத்த நாளும் கேட்டாள். நேற்றுகூட, துணி மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

இப்போது நீ அனுப்பிய புதிய வடிவத்துக்கு வருகிறேன். லிஃப்ட் கிளம்புவதற்கு முன்னால் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு மாடியிலும் ஒளித்து வைத்த சாவியைத் தேட வேண்டும் என்று சேர்த்திருக்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடி முடித்தவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது அந்தக் கடையின் விதி, அந்த நேரத்தைத் தாண்ட வைக்கப் பார்க்கிறாய். கடைப் பக்கத்தில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தானே, "அருமை, அழுதுட்டேன், ஆனா சீக்கிரம் முடிஞ்சிடுச்சு, காசைத் திரும்ப வாங்கிட்டேன்" என்று. படித்தபோது எனக்கும் ரத்தம் கொதித்தது. அழுகையைத் திருப்பிக் கொடுத்தானா அவன்? ஆனால் அவன் ஒருவனைப் பிடித்து நிறுத்துவதற்காக மற்ற எல்லோரையும் மாடிப்படி ஏற வைக்கிறாயே. பரீட்சையில் கூடுதல் தாள் வாங்குகிற பிள்ளைகளைச் சொல்வேனே, முதல் பக்கத்திலேயே விடையை அழகாக எழுதிவிட்டு, எடை போதாதோ என்று பயந்து அதையே வேறு வார்த்தையில் நாலு பக்கம் எழுதுவார்கள், படித்து முடிப்பதற்குள் முதல் பக்கம் நன்றாக இருந்தது எனக்கே மறந்துவிடும். புதிய வடிவத்தை எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். விளையாட்டில் மூன்றாவது மாடி வந்ததும், "மோட்டார் போட்டுட்டு வந்துடறேன் சார்" என்று போனவர்தான், தொட்டி நிரம்பி வழிந்தது, அவர் வரவில்லை. அந்தப் பெரியவர் எங்கே போவார் என்று கேட்க அவருக்கு வழியே இல்லை, அவர் பெரியவரைச் சந்திக்கவே இல்லையே.

இது ஓடினால்தான் அடுத்ததற்கு உட்கார முடியும், இல்லையென்றால் பழைய விளம்பரக் கம்பெனிக்கே போக வேண்டும் என்கிறாய். அந்தப் பயத்தை லேசாக நினைக்கவில்லை, அம்மா அதை நினைத்துத் தூங்காமல் புரள்கிறாள். ஆனால் பயத்தில் வைத்த விலை, பயத்தில் ஏற்றிய மாடி, இரண்டும் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடுகிறது, அத்தைக்கே தெரிந்துவிட்டதே. தள்ளுபடிக் கெடு முடிந்ததும் பழைய விலைக்கே போ. ஒரே உட்கார்வில் முடியும் என்று கடைப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடு. அதைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் குறைவாக இருக்கலாம், எத்தனை பேர் என்று நானும் சத்தியம் செய்ய முடியாது. நம் பக்கத்து இதயங்களை நானும் அண்ணியும் ஒவ்வொரு வீடாகப் போய் சரிசெய்கிறோம், கணக்கு வாத்தியாரிலிருந்து ஆரம்பம்.

அம்மா உனக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்தை ஞாபகப்படுத்தச் சொன்னாள். செய்கிற வேலை உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், மனம் தளராமல் நீடூழி வாழ்க.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா

பி.கு. புதிய வடிவத்தை வெள்ளிக்கிழமை கடையில் ஏற்றப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன் உன் அறைத்தோழியை அதன் முன்னால் உட்காரவைத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் பின்னால் நின்று, அவள் கை எந்த மாடியில் போனைத் தேடிப் போகிறது என்று மட்டும் பார்.