வலையில் தைத்த கவசங்கள்

கடலூர் முதுநகர்,
20-5-1963

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமியும் நம் பிள்ளை அஸ்மத்தும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். பினாங்கில் தாங்களும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மாமிக்கு மூட்டுவலி தேவலை. "எம் மவன் கடிதாசு வந்துச்சா?" என்று தினமும் கேட்கிறார்கள். அஸ்மத் ஜூனில் இரண்டாம் வகுப்பு.

போன கடிதத்தில், ஊருக்குத் திரும்பி வந்தால் எனக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போன நான்கு வருஷத்தில் இதை எத்தனையோ முறை கேட்டுவிட்டீர்கள். என்னிடம் பதில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. அதனால்தான் இந்த அவசரக் கடிதம்.

ஒரு சினிமா கம்பெனி சிதம்பரத்தில் வந்து தங்கியிருக்கிறது. ராஜா கதை. கிள்ளைப் பக்கம் மணல்வெளியில் யுத்தக் காட்சி எடுக்கிறார்கள். சின்ன கம்பெனி, சென்னையிலிருந்து கவசங்களை வாடகைக்குக் கொண்டுவர வசதியில்லை. அவர்கள் மேனேஜர் சக்கரபாணி, என் தம்பி கிபாயத்துல்லா வேலை பார்க்கும் தையல் கடைக்கு வந்து, நாற்பது சிப்பாய்களுக்கு மலிவாகக் கவசம் வேண்டும் என்றாராம். முதலாளி கையை விரித்துவிட்டார். தம்பி, "எங்க அக்கா செய்வாங்க" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் என்னைக் கேட்டான்.

இரும்பு வளையம் கோத்த சட்டைபோல இருக்க வேண்டுமாம். நமக்கு மீன் கொண்டுவரும் வேலம்மாள் வீட்டில், நைலான் வலை வந்தபிறகு பழைய நூல் வலைகள் சும்மா கிடந்தன. அவற்றை வாங்கி, இரண்டு மடிப்பாகக் கறுப்புத் துணியில் வைத்துத் தைத்து, மேலே அலுமினிய பெயிண்ட் பூசினேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இரும்பேதான்! முதல் கவசத்தை உங்கள் அளவுக்கே வெட்டினேன்; வேறு ஆண்பிள்ளை அளவு எனக்குத் தெரியாது. தம்பி மாட்டிப் பார்த்து, "மச்சானுக்கு இம்மாம் அகல நெஞ்சா?" என்று சிரித்தான். இப்போதும் அந்த உடம்பு இருக்கிறதா, எழுதுங்கள்.

தலைக்கவசத்துக்குப் பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் காயவைத்தோம். ஆட்டுக்கல்லைச் சினிமாவுக்குக் கொடுத்ததில் மாமிக்குக் கோபம். "அப்படியே தோசையா சுட்டு ராஜா தலையில வையி" என்றார்கள். ஆனால் மறுநாள் அவர்களே கத்தரியை எடுத்து ஓரமெல்லாம் வெட்டிக் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. தம்பியும் கூடப் போனான். அங்கே நடந்தது அவன் சொல்லித்தான் தெரியும். கவசம் மாட்டி வெயிலில் நின்றதும் சிப்பாய்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டார்களாம். மீன் வாடை! மூன்று தண்ணீர் அலசித்தான் தைத்தோம். வாடை போய்விட்டதென்றே நினைத்தோம். துறைமுகத்துப் பக்கமே பிறந்து வளர்ந்த மூக்குகளுக்கு என்ன தெரியும்? டைரக்டர், "இது படையா, மீன் மார்க்கெட்டா?" என்று கத்தி, எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொல்லிவிட்டார்.

அந்தக் குவியலின்மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. பிறகு ஊர்க் காக்கையெல்லாம் இறங்கி வலையைக் கொத்தத் தொடங்கின. அதைப் பார்த்த கேமராக்காரர் துள்ளிக் குதித்து, "திரும்ப மாட்டிக்கிட்டு எல்லாரும் செத்துக் கெடங்கப்பா! போர்க்களத்துக்குக் காக்கா தானா வந்திருக்கு!" என்றாராம். படுத்தார்கள், காக்கைகள் இறங்கின, படம் பிடித்தார்கள். ஒரே ஒரு பிணம் மட்டும், காதில் கொத்து விழுந்ததும் எழுந்து ஓடிவிட்டதாம். மாமி இப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று. "காக்காவுக்கும் சேத்துக் கூலி கேளுங்க" என்றாள் வேலம்மாள்.

நேற்று சக்கரபாணியே வீடு தேடி வந்தார். வாசலில் தம்பியோடு பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அடுத்த படத்துக்கு அரண்மனை உடுப்பு முழுவதும் நம் வீட்டிலேயே செய்யலாமாம். ஆனால் சென்னைக்குப் போய்ச் சாமான் எடுக்கவும், ஸ்டூடியோவில் நின்று அளவு எடுக்கவும் பொறுப்பான ஆள் வேண்டும், தம்பி ரொம்பச் சின்னவன் என்றார். வீட்டில் பெரியவர் யாரும் இல்லையா என்று கேட்டார்.

உள்ளிருந்தபடியே, இருக்கிறார் என்றேன். வெளியூர் போயிருக்கிறார், ஜூலை முடிவதற்குள் வந்துவிடுவார் என்றும் சொன்னேன். தம்பி திரும்பிக் கதவையே பார்த்தான்.

மச்சான், உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். நாகப்பட்டினத்துக்கு எப்போது கப்பல் என்று அங்கே விசாரியுங்கள். இந்தப் படம் பினாங்குக்கும் வருமாம். அங்கே தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

கதவுக்குப் பின்னாலிருந்து நான் சொன்ன வார்த்தையை அல்லாஹ் பொய்யாக்காமல் இருக்கட்டும். ஆமீன்.

தங்கள் துஆவை நாடும்,
ருக்கையா