அட்டை கடிக்காத நாட்கள்

கொட்டகலை,
ஞாயிறு, மழை.

அன்புள்ள தனுஜா அக்காவுக்கு,

தம்பி சுதாகரன் எழுதுவது. முதல் வரியில் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டுமாம். நான் சுகம். அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை. நீ கோல் எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், லயத்தில் பாதி வீடுகள் கேட்கும். குவைத்துக்குத் திரும்பும் நிரோஷன் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். வாசித்துவிட்டு உடனே அழாதே. முழுவதும் வாசி.

அம்மாவுக்கு நெஞ்சுத் துடிப்பு ஒழுங்கில்லை என்று உனக்குத் தெரியும். எவ்வளவு என்று நாங்கள் சொல்லவில்லை. இதயத்தின் மேல் அறைகள் சுருங்குவதற்குப் பதிலாக நடுங்குகின்றன. அப்போது உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அம்மாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நம் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கிறது என்கிறார். தகரத்தில் மழை விழுவதைக் கேட்டபடிதான் இதை எழுதுகிறேன். தாளம் பிடிக்கப் பார்த்தேன். பிடிபடவில்லை.

கண்டியில் நான் ஈசிஜி எடுக்கும் ஆராய்ச்சி இந்த நோயைப் பற்றியதுதான். சிலருக்குத் துடிப்பை ஒழுங்குக்குத் திருப்பும் மருந்து, சிலருக்கு வேகத்தை மட்டும் குறைக்கும் மருந்து. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். ரத்தம் கட்டாமல் இருக்கும் மாத்திரை மட்டும் எல்லோருக்கும் உண்டு. தினமும் குடிக்க வேண்டும். நம் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவையும் இன்னும் சில பெண்களையும் நான்தான் பேசிச் சேர்த்தேன். அவர்கள் நெஞ்சில் துடிப்பைப் பதிய, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி ஒட்டியிருக்கிறோம். அதில் ஒரு பச்சை வெளிச்சம் மினுங்கும்.

போன மாதம் செல்லசாமி மாமாவின் மனைவி பாக்கியம் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவரும் ஆராய்ச்சியில் இருப்பவர். இப்போது கோப்பையைப் பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் ஆராய்ச்சியை நடத்தும் டொக்டர் நிரஞ்சன் குழம்பிப்போனார். காலி மாத்திரை அட்டைகளெல்லாம் சரியாகத் திரும்பி வந்திருந்தன. தினமும் குடித்தவருக்கு எப்படி வந்தது? மருந்து தோற்றது என்று எழுதத் தயாராக இருந்தோம்.

இன்று வீட்டுக்கு வந்தால் அம்மாவின் கணுக்காலில் துணிக்கட்டு. கொடியில் கறை போகாத பாவாடை. வெள்ளிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை, வேலை இல்லை. அன்று குடித்த மாத்திரை சனிக்கிழமை மலையில் வேலையைக் காட்டியிருக்கிறது. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

“அட்டை கடிச்சா ரத்தம் நிக்க மாட்டேங்குதுப்பா. வேல பாக்க வர்ற கண்டாக்கு பாத்தா வேலைக்கு வராதன்னுருவாரு. அதான் கொழுந்தெடுக்கப் போற நாள்ல மாத்திரை போடறதில்ல.”

அம்மா மட்டுமில்லை. எல்லாப் பெண்களும் அப்படித்தானாம். ஞாயிறும் போயாவும் மட்டும் குடிப்பது, மற்ற நாள் மாத்திரையைப் பிதுக்கிப் பீலியில் ஓடும் தண்ணீரில் விடுவது. அட்டை கடிக்காத நாட்கள்தான் அவர்களுக்கு மருந்து நாட்கள். உண்மையைச் சொன்னால் சுதாகரனுக்கு வேலை போய்விடும் என்று தேத்தண்ணி நேரத்தில் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பாக்கியம் அத்தை கை விழுந்து கிடந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. நான் கத்தினேன். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி உள்ளே வந்து அடுப்புப் புகையோடு கலந்து நின்றது. நான் யாரைப் பார்த்துக் கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உடனே டொக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. எங்கள் கேள்வித்தாளில் மூக்கில் ரத்தமா, ஈறில் ரத்தமா என்றெல்லாம் இருக்கிறது. அட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதை இனிச் சேர்ப்பார்களாம். யாரையும் நீக்க மாட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுவார்கள். அட்டை ஏறாத நீளக் காலுறையும், ரத்தத்தை நிறுத்தும் பஞ்சும் வரும். லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், மற்றப் பெண்கள் தினமும் குடிக்கச் சம்மதித்துவிட்டார்கள். பாக்கியம் அத்தை இடது கையால் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, உன் வேலை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

அம்மா விஷயம் வேறு. போன வாரம் சரிவில் கூடையோடு மயங்கி உட்கார்ந்துவிட்டாராம். அதையும் இன்றுதான் சொன்னார். காலுறை போதாது, மலைக்குப் போவதையே நிறுத்த வேண்டும் என்று டொக்டர் சொல்கிறார். கண்டிக்கு என்னோடு வாருங்கள் என்றேன். அதற்குத்தான் அம்மா இப்படிச் சொன்னார்: “நா தோட்டத்துல பேர நிறுத்திட்டா, நாம இருக்கிற இந்தக் காம்பராவத் திருப்பிக் கேப்பாங்க. தனு வந்தா எங்கடா வருவா?”

இதற்கு என்னிடம் மருந்து இல்லை, அக்கா.

இப்போது தூங்குகிறார். ரவிக்கைக்குள் பச்சை வெளிச்சம் மினுங்குகிறது, பனிக்குள் ரயில் சிக்னல் தெரிகிற மாதிரி. சொந்த அம்மாவின் பதிவை நான் பார்க்கக் கூடாது, வேறொருவர்தான் படிப்பார். ஆனாலும் பார்த்தேன். எங்கும் கலைந்து கிடக்கிற கோடு, போன ஞாயிறு நீ போனில் பேசிய நேரத்தில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது, கவ்வாத்து வெட்டிய செடி வரிசை மாதிரி. நீ போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் மறுபடி மழை. இதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஞாயிறு ஓய்வு நாள், வேறு என்ன வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். ஒரு ஆளின் ஒரு பதிவை வைத்து நான் எதையும் நம்ப மாட்டேன்.

அதனால் ஒரு வேலை நாளில் கோல் எடு. காலையில், அம்மா பெரட்டில் பேர் கொடுக்கப் போவதற்கு முன்னால். மாத்திரை குடித்தீர்களா என்று கேள். பிறகு, காம்பரா இல்லாவிட்டாலும் வருவேன் என்று சொல். எங்கே வருவாய் என்று கேட்பார். தம்பி இருக்கும் இடத்துக்கு என்று சொல். என் அறை சிறியதுதான். மூன்று பாய் விரிக்கலாம். விரித்துப் பார்த்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
சுதாகரன்